55 ரன் எடுத்தவர்கள் தோற்ற கதை

1960 அக்டோபரில் நடந்த அமெரிக்க பேஸ்பால் இறுதித் தொடரின் கணக்கை முதன்முதலில் பார்த்தபோது, யாரோ எண்களை இடம் மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். ஏழு ஆட்டங்களையும் கூட்டினால் நியூயார்க் யாங்கீஸ் எடுத்தது 55 ரன். எதிரில் ஆடிய பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் எடுத்தது 27. ஏறக்குறைய பாதி. ஆனால் கோப்பை போனது பிட்ஸ்பர்க்குக்கு.

அச்சுப்பிழை இல்லை. அந்தக் கணக்கு எப்படிச் சரியாகிறது என்று புரிந்துவிட்டால், பேஸ்பாலில் நோஞ்சான் அணிகள் ஏன் அடிக்கடி பெரிய தலைகளைச் சாய்க்கின்றன என்பதும் புரிந்துவிடும். பேஸ்பாலே தெரியாது என்றாலும் பரவாயில்லை. கிரிக்கெட் தெரிந்தால் போதும்.

முதலில் ஆட்டத்தைப் பற்றித் தேவையான அளவுக்கு மட்டும். இரண்டு அணிகள், பக்கத்துக்கு ஒன்பது பேர். ஓவர் கணக்கு கிடையாது; மூன்று பேர் அவுட் ஆகும்வரை ஓர் அணி பேட் செய்யும், அப்புறம் அடுத்த அணி. இரண்டு அணிகளும் இப்படி ஒருமுறை பேட் செய்து முடித்தால் ஓர் இன்னிங்ஸ். ஒன்பது இன்னிங்ஸ் ஓர் ஆட்டம். பந்தை அடித்துவிட்டு, சதுரமாக வைத்திருக்கும் நான்கு பேஸ்களையும் (ஓடித் தொட வேண்டிய இடங்கள், வழியில் ஒன்றில் நின்றும் கொள்ளலாம்) சுற்றி வந்து சேர்ந்தால் ஒரு ரன். பந்தை மைதானத்தின் சுவருக்கு வெளியே அனுப்பிவிட்டால் அது ஹோம் ரன். அடித்தவரும், ஏற்கெனவே பேஸ்களில் நிற்பவர்களும் நிதானமாகச் சுற்றி வந்து ரன்னாகச் சேர்ந்துவிடலாம். ஒவ்வொரு இன்னிங்ஸிலும் இரண்டாவதாக பேட் செய்வது சொந்த மைதானத்து அணி. கடைசி இன்னிங்ஸில் அந்த அணி ஒரு ரன் முந்திவிட்டால் அந்த நொடியே ஆட்டம் முடிந்தது. இந்த விதியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இறுதித் தொடருக்கு வேர்ல்ட் சீரீஸ் என்று பெயர். அந்தக் காலத்தில் அதில் ஆடியது அமெரிக்காவின் இரண்டு லீகுகளில் முதலிடம் பிடித்த அணிகள்தான். உலகம் எங்கே வந்தது என்று கேட்காதீர்கள், அவர்கள் ஊர் வழக்கம் அது. மொத்தம் ஏழு ஆட்டம், முதலில் நான்கு ஜெயிப்பவருக்குக் கோப்பை. நான்கு ஆட்டத்திலேயே முடிந்துபோன தொடர்களும் நிறைய உண்டு.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் பலகை பூஜ்யத்தில் இருந்து தொடங்குகிறது. இன்று பதின்மூன்று ரன் வித்தியாசத்தில் ஜெயித்தால் மிச்சம் பன்னிரண்டை நாளைக்கு எடுத்து வைத்துக்கொள்ள முடியாது. ஊர்ப் போட்டிகளில் வாலிபால் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ஐந்து செட் ஆட்டம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: 10-25, 25-23, 12-25, 25-22, 15-13. மூன்று செட் எடுத்து ஜெயித்த அணியின் மொத்தப் புள்ளி 87. தோற்றதன் புள்ளி 108. தோற்றவர்கள் போய் நடுவரிடம் கூட்டல் கணக்கைக் காட்ட முடியுமா? தேர்தலிலும் இதே கதைதான்: ஒரு தொகுதியில் லட்சம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தாலும் சீட்டு ஒன்றுதான்.

1960 தொடரின் முடிவுகள் இவை. முதல் ஆட்டம் பிட்ஸ்பர்க் 6-4. இரண்டாவது யாங்கீஸ் 16-3. மூன்றாவது யாங்கீஸ் 10-0. நான்காவது பிட்ஸ்பர்க் 3-2, ஐந்தாவது பிட்ஸ்பர்க் 5-2. ஆறாவது யாங்கீஸ் 12-0. ஏழாவது பிட்ஸ்பர்க் 10-9.

யாங்கீஸ் ஜெயித்த மூன்று ஆட்டங்களின் வித்தியாசத்தைக் கூட்டினால் 35 ரன். பிட்ஸ்பர்க் ஜெயித்த நான்கையும் கூட்டினால் வெறும் 7. ஒருவர் மூட்டை மூட்டையாகக் கொட்டினார், இன்னொருவர் அன்றன்றைய கூலிக்குச் சரியாக வேலை பார்த்தார்.

பிட்ஸ்பர்க் உண்மையிலேயே சோப்ளாங்கி அணியா? இதில் கொஞ்சம் நியாயமாகப் பேச வேண்டும். 1952-ல் அவர்கள் ஜெயித்தது 42 ஆட்டம், தோற்றது 112. அந்தக் காலத்துக்கு அந்தப் பட்டம் பொருந்தும். 1960-ல் அப்படி இல்லை. 95 ஜெயித்துத் தங்கள் லீகில் முதலிடம் பிடித்துத்தான் வந்தார்கள். ஆனால் எதிரில் நின்றது யாங்கீஸ். 1949 முதல் 1958 வரையிலான பத்து ஆண்டுகளில் ஏழு முறை கோப்பையை வீட்டுக்குக் கொண்டுபோன அணி. மிக்கி மேண்டில், ரோஜர் மாரிஸ், யோகி பெர்ரா என்று வரிசை. பிட்ஸ்பர்க் கடைசியாகக் கோப்பையைத் தொட்டது 1925-ல். அதற்கப்புறம் ஒரே ஒருமுறை, 1927-ல், இறுதித் தொடருக்கு வந்தார்கள். அப்போதும் எதிரில் இதே யாங்கீஸ்தான், நாலுக்கு நாலும் தோற்றுத் திரும்பினார்கள். எஃகு உருக்கும் ஊர் அது. முப்பத்து மூன்று வருடம் கழித்து மீண்டும் அதே எதிரி வந்து நின்றபோது, ஊர் என்ன நினைத்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

சரி, ஒரு சின்னக் கணக்கு. பயப்பட வேண்டாம், கோலிக்குண்டு கணக்குதான்.

ஒரு பையில் பத்துக் கோலி. ஆறு நீலம், நான்கு சிவப்பு. நீலம் பலமான அணி, சிவப்பு நம் நோஞ்சான். கண்ணை மூடி ஒன்றை எடுங்கள், நிறத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், திரும்பப் போட்டுக் குலுக்குங்கள். ஒரே ஓர் ஆட்டம் என்றால் நோஞ்சானுக்கு நூற்றுக்கு 40 வாய்ப்பு. மூன்று ஆட்டத் தொடர் என்றால் அது 35 ஆகிறது. ஐந்து ஆட்டம் என்றால் ஏறக்குறைய 32. ஏழு ஆட்டம் என்றால் 29. அதாவது ஆட்டங்களைக் கூட்டக் கூட்டப் பலவானின் கை ஓங்குகிறது. ஆனால் எவ்வளவு மெதுவாக ஓங்குகிறது பாருங்கள். ஏழு ஆட்டம் வைத்தும், இப்படிப் பத்துத் தொடர் ஆடினால் சராசரியாக மூன்றைச் சோப்ளாங்கி தட்டிக்கொண்டு போய்விடும். அதைப் போய் அதிசயம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

ஆறுக்கு நான்கு என்று நான் சும்மா சொல்லவில்லை. பேஸ்பாலில் மிக நல்ல அணிகூட அந்த அளவில்தான் ஜெயிக்கும். 1960 சீசனில் யாங்கீஸ் ஜெயித்தது 97, தோற்றது 57. பாதாளத்தில் இருந்த அணிகளையும் சேர்த்து எதிர்த்தே அந்தக் கணக்கு என்றால், இன்னொரு லீகின் முதலிட அணியோடு மோதும்போது ஆறுக்கு நான்குகூட அதிகம்தான். நல்ல பேட்டர் என்று பெயர் எடுத்தவர் பத்துத் தடவை அடிக்க வந்தால் மூன்று தடவைதான் உருப்படியாக அடிப்பார். பளாரென்று அடித்த பந்து நேராக ஃபீல்டர் கையில் போய் விழும். மட்டையின் விளிம்பில் பட்டு உருண்ட பந்து ஆளில்லாத இடமாகப் பார்த்துப் போகும். ஒரு நாளில் இதெல்லாம் சமன் ஆகாது. நூற்றைம்பது நாளில் ஆகும். ஏழு நாள் அதற்குப் பத்தாது.

கோலிக்குண்டு கணக்கில் ஒரு பொய்யும் இருக்கிறது. பை ஒவ்வொரு நாளும் ஒரே பை அல்ல. காரணம், பந்து வீசுகிற பிட்சர்.

கிரிக்கெட்டில் ஐந்தாறு பேர் மாற்றி மாற்றிப் பந்து வீசுவார்கள். பேஸ்பாலில், அதுவும் அந்தக் காலத்தில், ஆட்டத்தைத் தொடங்குகிற ஒரே பிட்சர் முடிந்தவரை முழு ஆட்டத்தையும் இழுத்துக்கொண்டு போவார். நூற்றுக்கும் மேற்பட்ட பந்துகளை உடம்பின் முழு பலத்தோடு வீசிவிட்டு மறுநாள் அவரால் கையைத் தூக்க முடியாது. மூன்று நான்கு நாள் ஓய்வு வேண்டும். அதனால் ஏழு ஆட்டத் தொடரில் ஓர் அணியின் சிறந்த பிட்சரை இரண்டு முறை இறக்கலாம். சரியாகத் திட்டமிட்டால் மூன்று முறை. எந்தத் தேதியில் யார் என்பதை முடிவு செய்வதுதான் மேனேஜரின் பெரிய வேலை. பேஸ்பாலில் மேனேஜர் என்றால் அலுவலக ஆள் அல்ல, தலைமைப் பயிற்சியாளர்.

யாங்கீஸின் மேனேஜர் கேசி ஸ்டெங்கல், வயது 70. அவர் கையில் வைட்டி ஃபோர்டு என்ற பிட்சர் இருந்தார். ஃபோர்டு மூன்றாவது ஆட்டத்தையும் ஆறாவது ஆட்டத்தையும் முழுதாக வீசினார். இரண்டிலும் பிட்ஸ்பர்க்குக்கு ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. பதினெட்டு இன்னிங்ஸ், பூஜ்யம். அவரை முதல் ஆட்டத்திலேயே இறக்கியிருந்தால்? தேதியைப் பாருங்கள். ஆட்டங்கள் நடந்தது அக்டோபர் 5, 6, 8, 9, 10, 12, 13. பிட்ஸ்பர்க்கின் முதன்மைப் பிட்சர் வெர்னன் லா 5-ஆம் தேதி தொடங்கினார். மூன்று நாள் ஓய்வு, 9. மீண்டும் மூன்று நாள் ஓய்வு, 13. ஒன்று, நான்கு, ஏழு. ஃபோர்டு முதன்முதலில் இறங்கியது 8-ஆம் தேதி, அடுத்து 12. கடைசி ஆட்டம் 13-ஆம் தேதி. முந்தைய நாள் ஒன்பது இன்னிங்ஸ் வீசியவர் என்ன செய்வார்?

ஸ்டெங்கலை ஒரேயடியாக முட்டாள் என்று சொல்லிவிடவும் முடியாது. அந்த சீசனில் ஃபோர்டு ஜெயித்துக் கொடுத்தது 12 ஆட்டம்; முதல் ஆட்டத்தில் இறக்கிய ஆர்ட் டிட்மார் ஜெயித்துக் கொடுத்தது 15. ஏட்டில் பார்த்தால் டிட்மார்தான் சரி. களத்தில் பார்த்தால், அவர் தொடங்கிய ஒன்றாவது ஐந்தாவது ஆட்டங்கள் இரண்டிலும் இரண்டாவது இன்னிங்ஸைக்கூடத் தாண்டவில்லை. இரண்டும் தோல்வி. தொடர் முடிந்த சில நாளிலேயே ஸ்டெங்கலின் வேலை போயிற்று.

இன்னொரு பக்கம் பிட்ஸ்பர்க் மேனேஜர் டேனி மர்டாவைப் பாருங்கள். எனக்கு இந்தத் தொடரில் மிகவும் பிடித்த விஷயமே இதுதான். அவரிடம் எல்ராய் ஃபேஸ் என்ற பிட்சர் இருந்தார். ஆட்டம் நெருக்கடியில் இருக்கும்போது கடைசியில் வந்து முன்னிலையைக் காப்பாற்றுகிற ஆள். ஒன்றாவது, நான்காவது, ஐந்தாவது ஆட்டங்களை முடித்துக் கொடுத்தது அவர்தான். 16-3, 10-0, 12-0 என்று உதை வாங்கிய மூன்று ஆட்டங்களில் ஃபேஸ் ஒரு பந்துகூட வீசவில்லை. கைவிட்டுப்போன ஆட்டத்தில் நல்ல கையை வீணாக்காமல், அடியை வாங்கிக்கொண்டு, அடுத்த நாளைக்கு ஆளைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். பதின்மூன்று ரன்னில் தோற்றாலும் ஒரு தோல்வி, ஒரு ரன்னில் தோற்றாலும் ஒரு தோல்வி என்கிற விதி பலவீனமான அணிக்குத் தருகிற சலுகை இது.

ஏழாவது ஆட்டத்துக்கு வருவோம். அக்டோபர் 13, பிட்ஸ்பர்க்கின் ஃபோர்ப்ஸ் ஃபீல்டு மைதானம். பிட்ஸ்பர்க் முதலில் 4-0 என்று முந்தியது. ஆறாவது இன்னிங்ஸில் நம்பிக்கை நட்சத்திரம் ஃபேஸையே போட்டு அடித்தார்கள். பெர்ரா அடித்த ஹோம் ரன்னில் மூன்று ரன். எட்டாவது இன்னிங்ஸின் பாதியில் யாங்கீஸ் 7-4.

எட்டாவதின் அடுத்த பாதியில் பிட்ஸ்பர்க் பேட் செய்கிறது. ஒருவர் முதல் பேஸில் நிற்கிறார். பில் விர்டன் தரையோடு ஒரு பந்தைத் தட்டுகிறார். யாங்கீஸின் டோனி குபெக் அதைப் பிடிக்கக் குனிகிறார். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு பேரை அவுட் ஆக்கக்கூடிய பந்து. கெட்டித் தரையில் எதிலோ பட்டுப் பந்து சட்டென்று எகிறி குபெக்கின் தொண்டையில் அடித்தது. அவர் விழுந்தார், மருத்துவமனைக்குத்தான் கொண்டுபோனார்கள். இரண்டு அவுட் போக வேண்டிய இடத்தில் ஒன்றும் போகவில்லை, பேஸ்களில் இரண்டு பேர். சற்று நேரத்தில் ராபர்ட்டோ கிளெமெண்டே ஒரு சொத்தைப் பந்தை முதல் பேஸ் பக்கம் உருட்டிவிட்டு உயிரைக் கொடுத்து ஓடினார். யாங்கீஸ் பிட்சர் அந்தப் பேஸுக்கு ஓடிவந்து சேரவில்லை, கிளெமெண்டே தப்பித்தார். அடுத்து வந்த ஹால் ஸ்மித் ஹோம் ரன். மூன்று ரன். அதற்கு முன்பே வந்திருந்த இரண்டையும் சேர்த்துப் பிட்ஸ்பர்க் 9-7.

நான் முன்பு சொன்னேனே, உருண்ட பந்து போகும் இடம் என்று, அது இதுதான். ஒரு பொடிக்கல்லோ, ஒரு மேடோ. அதற்கு 55 ரன் கணக்கெல்லாம் தெரியாது.

முடிந்ததா என்றால் இல்லை. ஒன்பதாவது இன்னிங்ஸில் யாங்கீஸ் ஒன்றை எடுத்து 9-8 ஆக்கியது. மூன்றாவது பேஸில் ஓர் ஆள், முதல் பேஸில் மேண்டில், ஓர் அவுட். பெர்ரா தரையோடு அடித்த பந்து நேராக முதல் பேஸில் நின்ற ராக்கி நெல்சனின் கைக்குப் போனது. நெல்சன் பேஸை மிதித்தார், பெர்ரா அவுட். மேண்டிலைப் பந்தோடு தொட்டுவிட்டால் மூன்றாவது அவுட், கோப்பை கையில். அடுத்த பேஸுக்கு ஓடினால் செத்தோம் என்று அந்த நொடியில் புரிந்துகொண்ட மேண்டில், வந்த வழியே குப்புறப் பாய்ந்து நெல்சனின் கையைத் தப்பி முதல் பேஸைத் தொட்டுவிட்டார். அதற்குள் மூன்றாவது பேஸில் இருந்தவர் ஓடிவந்து சேர்ந்தார். 9-9. நம் ஊர் கபடிக்காரர்கள் பார்த்திருந்தால் எழுந்து நின்று கைதட்டியிருப்பார்கள்.

இப்போது பிட்ஸ்பர்க்கின் கடைசி முறை. முதலில் வந்தவர் பில் மசரோஸ்கி, வயது 24. பேட்டிங் வரிசையில் எட்டாவது ஆள். ஃபீல்டிங்குக்குப் பேர்போனவர், பேட்டிங்குக்கு அல்ல. பிட்சர் ரால்ஃப் டெர்ரி வீசிய முதல் பந்தை விட்டார். இரண்டாவது பந்து இடதுபக்கச் சுவரைத் தாண்டியது. மணி 3:36. நினைவில் வைக்கச் சொன்ன அந்த விதிப்படி ஆட்டமும் தொடரும் அதே இடத்தில் முடிந்தன. ஏழாவது ஆட்டத்தின் கடைசிப் பந்தில் ஹோம் ரன் அடித்து வேர்ல்ட் சீரீஸை முடித்தவர் இன்றுவரை அவர் ஒருவர்தான்.

தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது யாருக்குப் போனது தெரியுமா? யாங்கீஸின் பாபி ரிச்சர்ட்சனுக்கு. சீசன் முழுக்க அவர் அடித்து உள்ளே கொண்டுவந்த ரன் 26. இந்த ஏழே ஆட்டத்தில் 12. தோற்ற அணியில் இருந்து அந்த விருதைப் பெற்ற ஒரே ஆள் இன்றும் அவர்தான். பாவம், அந்தப் பன்னிரண்டில் எத்தனை யாங்கீஸ் ஏற்கெனவே வாரிக் குவித்த ஆட்டங்களில் விழுந்தன என்று தேடிப் போக வேண்டாம். மூன்றாவது ஆட்டத்தில் மட்டும் ஆறு வந்தன, அந்த ஆட்டம் 10-0 என்று முடிந்தது என்பதே போதும்.

பாடகரும் நடிகருமான பிங் கிராஸ்பி பிட்ஸ்பர்க் அணியின் பங்குதாரர்களில் ஒருவர். நேரில் பார்த்தால் நெஞ்சு தாங்காது, தான் பார்த்தால் அணிக்கு ராசியில்லை என்று பாரிஸுக்குப் போய்விட்டவர், ஜெயித்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று ஏழாவது ஆட்டத்தின் தொலைக்காட்சி ஒளிபரப்பைப் படச்சுருளில் பிடித்துவைக்க ஏற்பாடு செய்திருந்தார். அந்தச் சுருள்கள் 2009-ல் அவர் வீட்டின் நிலவறையில் கிடைத்தன. அதுவரை அந்த ஆட்டத்தின் முழுப் படம் எங்குமே இல்லை என்றுதான் எல்லோரும் எண்ணியிருந்தார்கள்.

மைதானத்தை இடித்துப் பல காலம் ஆகிறது. செங்கல் சுவரின் ஒரு துண்டு மட்டும் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக வளாகத்தில் நிற்கிறது. ஆண்டுதோறும் அக்டோபர் 13-ஆம் தேதி மதியம் ரசிகர்கள் அங்கே கூடுகிறார்கள். மசரோஸ்கியின் பந்து சுவரைத் தாண்டும் இடம் சரியாக 3:36-க்கு வரும்படி நேரம் பார்த்துப் பழைய வானொலி வர்ணனையை ஓடவிடுவார்கள்.